சூடான கல் மசாஜ் முடிந்தது: குளிப்பதா, படுப்பதா, வேலைக்குக் கிளம்புவதா?

சூடான கல் மசாஜ் முடித்து மேசையை விட்டு இறங்கியதும் ஆளுக்கொரு அறிவுரை வந்து விழும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், கழிவெல்லாம் வெளியேறும் என்பார் ஒருவர். நாளை வரை குளிக்க வேண்டாம், எண்ணெய் ஊறட்டும் என்பார் இன்னொருவர். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் ஒரு குளியல் போட்டால் தசை இன்னும் இளகும் என்பவரும் உண்டு. ஜிம் பழக்கம் உள்ளவர்களோ இப்போதே போனால் உடம்பு நன்றாக வளையும் என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

அதைச் சொல்வதற்கு முன் அந்த மேசையில் உடம்புக்கு என்ன ஆனது என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் பாசால்ட் எனும் எரிமலைக் கல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடர்த்தியான கல், வாங்கிய சூட்டைச் சீக்கிரம் விடாது. தண்ணீரில் போட்டு 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எண்ணெய் தடவிய உடம்பின் மேல் ஓட்டுகிறார்கள். சில இடங்களில் துணி விரித்து அதன் மேல் வைத்துவிடுகிறார்கள். தோல் சூடானதும் அதற்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது, வியர்க்கிறது, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. இதற்கிடையில் தேய்த்த கை தசைகளை அழுத்திப் பிசைந்தும் இருக்கிறது. ஆக, எழுந்திருக்கும்போது நீங்கள் தளர்ந்தும் இருக்கிறீர்கள், சூடாகவும் இருக்கிறீர்கள், ரத்த அழுத்தம் வழக்கத்தை விடக் கீழே இருக்கவும் கூடும்.

இந்த நிலையிலிருந்து உடம்பு தானாகவே இறங்கி வந்துவிடும். அதற்கு ஓரிரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்தால் போதும். அதனால், இது உடம்பு ஆறுவதற்கு இடம் கொடுக்கிறதா, இல்லை மேலும் ஒரு வேலையை அதன் தலையில் கட்டுகிறதா என்பதை வைத்தே கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் எடைபோட்டிருக்கிறேன். மசாஜுக்குப் பிறகான கவனிப்பில் பாதிக்கு மேல் சும்மா இருப்பதுதான் என்பது என் கருத்து. ஆனால் சும்மா இருங்கள் என்று சொன்னால் யாருக்கும் திருப்தி வருவதில்லை.

எழுந்ததும்

உடனே எழுந்து உடை மாற்றுவதா, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுவதா? இதில் ஒப்பிட எதுவும் இல்லை, உட்காருங்கள். குழாய்கள் விரிந்திருக்கும் நேரத்தில் சட்டென்று நின்றால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். மூளைக்குப் போவது சில நொடிகள் குறையும். கண் இருட்டிக்கொண்டு வரும். முதலில் பக்கவாட்டில் திரும்பிப் படுத்து, பிறகு உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கழித்து எழுவது நல்லது. மயக்கம் வராவிட்டாலும் உள்ளங்காலில் எண்ணெய் இருக்கிறது, வழுக்கும்.

ரத்த அழுத்த மாத்திரை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்து, புராஸ்டேட் வீக்கத்துக்காகக் கொடுக்கும் டாம்சுலோசின் வகை மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கிறுகிறுப்பு மற்றவர்களை விட எளிதில் வரும். அவர்கள் இன்னும் நிதானமாக எழ வேண்டும்.

வண்டி ஓட்டுவதும் இதே கணக்குதான். தலை லேசாகவோ கண் சொக்குவதாகவோ இருந்தால் அரை மணி நேரம் கழித்துக் கிளம்பலாம். யாராவது கூட்டிக்கொண்டு போக வருவார்கள் என்றால் அதுதான் சிறந்த ஏற்பாடு.

குளியல்: நான்கு வழிகள்

அதிகம் குழப்புவது குளியல்தான். வெந்நீர், வெதுவெதுப்பான நீர், குளிர்ந்த நீர், குளிக்காமலே விடுவது என நான்கு வழி இருக்கிறது.

வெந்நீரும் அதன் உறவுகளான நீராவி அறை, சானா, சூடான தொட்டி போன்றவையும் கேட்க இதமாக இருக்கும். மசாஜ் நடக்கும் இடங்களிலேயே இவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பார்கள். ஆனால் ஏற்கெனவே சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கும் உடம்புக்கு இது இரண்டாவது சுற்றுச் சூடு. விரிந்த குழாய் இன்னும் விரியும், வியர்வை கூடும், ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். சூடான தொட்டியில் இருக்கும்வரை தண்ணீரின் அழுத்தம் கால்களைத் தாங்கிக்கொண்டிருப்பதால் எதுவும் தெரியாது. வெளியே வந்து நிற்கும்போதுதான் தலை சுற்றும். கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு உள்ளவர்களும் இதை அன்று தொடவே வேண்டாம். மற்றவர்களும் சானாவை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போடுவதால் எதையும் இழக்கப்போவதில்லை. இரண்டும் ஒரே நாளில் வேண்டும் என்றால் சானாவை முதலில் முடித்து, நன்றாக ஆறி, தண்ணீர் குடித்து, அப்புறம் மசாஜுக்குப் போவது இதை விடப் பரவாயில்லை.

குளிர்ந்த நீரை விரும்புகிறவர்கள், சூட்டில் விரிந்த குழாய் மூடிக்கொள்ளும், உடம்பு சுறுசுறுப்பாகும் என்பார்கள். மூடிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் தளர்ந்து கிடக்கும் உடம்பில் திடீரென்று குளிர் பட்டால் மூச்சு இழுக்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். திடமான உடம்புக்கு ஆபத்தில்லை. ஆனால் தளர்வு வேண்டும் என்றுதானே மசாஜுக்குப் போனோம், அதை ஏன் ஐந்தே நிமிடத்தில் கலைக்க வேண்டும்?

குளிக்காமல் விடுவது பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். பிசுபிசுப்பை ஒரு துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, பழைய பருத்தி உடை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சாயங்காலமோ மறுநாளோ குளிக்கலாம். தோல் வறண்டவர்களுக்கு அந்த எண்ணெய் ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் எண்ணெய் ஊறி உடம்புக்குள் இறங்கி வேலை செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, அதில் பெரும்பகுதி தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுகிறது. முதுகிலும் தோளிலும் பரு வருபவர்கள், மயிர்க்கால்கள் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்பும் வழக்கம் உள்ளவர்கள், வியர்வையோடு எண்ணெய் கலந்து உட்கார இரவு முழுவதும் விட்டால் வருந்துவார்கள். அவர்கள் அன்றே கழுவிவிடலாம்.

என் வாக்கு வெதுவெதுப்பான நீருக்குத்தான், அதுவும் ஒரு மணி நேரமாவது கழித்து. கையில் ஊற்றிப் பார்த்தால் சூடு என்று தோன்றாத அளவு போதும். மென்மையான சோப்பு போட்டால் போதும், நாரால் தேய்க்க வேண்டாம். தோல் ஏற்கெனவே சூட்டிலும் உராய்விலும் இருந்து வந்திருக்கிறது. ஸ்க்ரப், ஷேவிங், வாக்சிங் எல்லாவற்றையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயைப் பற்றி இரண்டு விஷயங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அதில் பெர்கமாட், எலுமிச்சை வகைச் சாறெண்ணெய் கலந்திருந்தால், பிழிந்து எடுத்த அந்த எண்ணெய்களில் உள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும், கறுக்கச் செய்யும். கழுவாமல் வெளியே போகக் கூடாது, எண்ணெய் பட்ட இடத்தை அரை நாளாவது வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும். இன்னொன்று உடம்பைப் பற்றியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: தாவர எண்ணெய் ஊறிய துண்டுகளைச் சரியாகத் துவைக்காமல் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சூடாகவே குவித்து வைத்தால் அவை தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

மசாஜ் கழிவுகளைத் தசையிலிருந்து பிழிந்து ரத்தத்தில் விடுகிறது, தண்ணீர் குடித்தால்தான் அவை வெளியேறும் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. கழிவு என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் லாக்டிக் அமிலம் என்பார்கள். கடுமையாக ஓடி முடித்தவரின் உடம்பே அதை ஒரு மணி நேரம் போலத் தானாகப் பயன்படுத்தித் தீர்த்துவிடும். மறுநாள் வரும் தசை வலிக்கும் அது காரணம் இல்லை. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். மேசையில் படுப்பதற்கு முன்பும் அவை அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

அப்படியென்றால் தண்ணீர் வேண்டாமா? வேண்டும், வியர்த்ததற்காக. எழுந்ததும் ஒரு டம்ளர், பிறகு தாகம் எடுக்கும்போதெல்லாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் அளவு சரி. லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வதில் பலன் இல்லை. நல்ல சிறுநீரகத்தாலேயே ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். இதய, சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் அளவை இதற்காக மீறவே கூடாது.

உப்பு கலந்த பானங்கள், இளைப்பாறும் பானங்கள் என்று விற்பவை எல்லாம் ஒரு மணி நேர மசாஜுக்குத் தேவைப்படாது. டீ, காபி குடிக்கலாம், ஒரு கோப்பையால் உடம்பில் நீர் வற்றிவிடாது. ஆனால் தூங்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மது மட்டும் வேண்டாம். அதுவும் தோலின் குழாய்களை விரிக்கும், அதுவும் நீரை வெளியேற்றும். கல் செய்த வேலையையே திரும்ப, கட்டுப்பாடு இல்லாமல் செய்யும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பசித்தால் லேசாகச் சாப்பிடலாம். வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் குடல் பக்கம் போகும், ஏற்கெனவே இறங்கியிருக்கும் அழுத்தம் வயதானவர்களுக்கு இன்னும் இறங்கும்.

படுப்பதா, நடப்பதா, ஜிம்மா?

மசாஜ் சாயங்காலம் என்றால் முடிவு எளிது. தோல் சூடாகி, பிறகு கையும் காலும் வழியாக உடம்பு சூட்டை வெளியேற்றி உள்வெப்பம் இறங்கும்போது தூக்கம் நன்றாக வரும். படுக்கப் போவதற்கு ஓரிரண்டு மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான குளியல் எடுத்தவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வந்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2019-ல் வெளியானது. கல் மசாஜை வைத்து அந்த ஆய்வுகள் நடக்கவில்லை, ஆனால் உடம்பு ஆறும் விதம் ஒன்றுதான். போர்வையைக் குவித்துப் போர்த்தி அந்தச் சூட்டைப் பிடித்து வைக்காமல் இருந்தால் போதும்.

காலையிலோ மதியத்திலோ என்றால் படுப்பதை விட மெதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். கிறுகிறுப்பும் தெளியும். படுத்தே ஆக வேண்டும் என்றால் அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் எழும்போது மந்தமாக இருக்கும், இரவுத் தூக்கமும் கெடும்.

ஜிம் வேண்டாம். மசாஜ் முடிந்ததும் உடம்பு வளைவது உண்மைதான், வலி உணர்வும் குறைந்திருக்கும். அந்த வலிதான் இதற்கு மேல் போகாதே என்று நம்மை நிறுத்துவது. அது மங்கியிருக்கும்போது எடை தூக்கினாலோ மூட்டை எல்லை வரை இழுத்தாலோ, அதிகமாகிவிட்டது என்பது மறுநாள்தான் தெரியும். சூடும் தாழ்ந்த ரத்த அழுத்தமும் அதோடு சேரும். உடற்பயிற்சி முக்கியம் என்றால் அதை மசாஜுக்கு முன்னால் முடித்துவிடலாம், அல்லது மறுநாள் செய்யலாம். அலுவலக வேலை என்றால் போகலாம். முக்கியமான கூட்டத்தை மட்டும் அந்த முதல் மணி நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் வலி வந்தால்

அழுத்தித் தேய்த்த இடங்களில் மறுநாள் வலி இருப்பது சகஜம். பழக்கமில்லாத உடற்பயிற்சிக்குப் பிறகு வருவதைப் போன்ற வலி, ஓரிரு நாளில் அடங்கிவிடும். வலித்தால்தான் மசாஜ் வேலை செய்கிறது என்று நினைத்து அடுத்த முறை இன்னும் அழுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான கணக்கு.

வலிக்கு என்ன செய்வது என்றால் நான்கு விதமாகச் சொல்வார்கள்: ஐஸ், சூட்டு ஒத்தடம், தைலம், மாத்திரை. ஐஸ் உதவுவது கன்றிப்போன இடத்துக்கும் வீங்கிய இடத்துக்கும்தான். துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். வெறும் இறுக்கத்துக்கு ஐஸ் வைத்தால் இன்னும் விறைக்கும். சூட்டு ஒத்தடம் இறுக்கத்துக்கு நல்லது, ஆனால் அதே நாளில் வேண்டாம். கல்லின் சூட்டைக் கண்ட தோலுக்கு ஒரு இரவாவது இடைவெளி கொடுங்கள். மறுநாளும் அந்த இடம் சிவந்திருந்தால் சூடே கூடாது.

தைலத்தில்தான் நான் அதிகம் கவனமாக இருக்கச் சொல்வேன். மெந்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த தசைவலிக் களிம்புகள் சிலருக்குத் தீக்காயமே உண்டாக்கியிருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-ல் எச்சரித்தது. தடவிய இடத்தில் சூடு வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது என்பது அதனுடன் வந்த அறிவுரை. சூடான தோல் பூசியதை அதிகமாக உறிஞ்சும். எனவே மசாஜ் முடிந்த சூட்டோடு தைலம் தடவுவது நான்கு வழிகளிலும் மோசமானது. வலி நிவாரண மாத்திரை ஒன்றிரண்டு போடலாம் என்றாலும் இந்த அளவு வலிக்கு அவசியம் இருக்காது. ஐபுபுரோஃபென் வகையை வெறும் வயிற்றில், தண்ணீர் குடிக்காமல் போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

இவை எதையும் செய்யாமல், வலிக்கும் பகுதியை மெதுவாக அசைத்து, கொஞ்சம் நடந்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது ஐந்தாவது வழி. பெரும்பாலும் நான் சொல்வது அதைத்தான். மூன்று நாளுக்குப் பிறகும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், கையிலோ காலிலோ மரத்துப்போதல் இருந்தால், சிறுநீர் கறுத்த பழுப்பாகப் போனால் அது மசாஜ் வலி அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் உடனே போக வேண்டும்.

சிவப்பு: விடலாமா, பார்க்கணுமா?

மசாஜ் முடிந்ததும் முதுகெல்லாம் பரவலாகச் சிவந்திருப்பது குழாய் விரிந்ததன் அடையாளம். ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம், தானாக மறையும். அடர்ந்த நிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, தொட்டால் சூடு தெரியும். ஆனால் கல் இருந்த இடத்தில் மட்டும் கல்லின் வடிவத்திலேயே ஒரு தடம் விழுந்து, எரிச்சலோடு மறையாமல் இருந்தால் அது சுட்ட புண். 60 டிகிரித் தண்ணீர் சுமார் 5 நொடியில் ஆழமான புண்ணை உண்டாக்கும், 50 டிகிரி என்றால் சில நிமிடம் ஆகும். கல் ஓடிக்கொண்டிருக்கும்வரை பயம் குறைவு. ஒரே இடத்தில் வைத்த கல்தான், அதுவும் உடம்பின் எடை மேலே அழுத்தும்படி முதுகுக்கு அடியில் வைத்த கல்தான் சுடும்.

சுட்டிருந்தால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மூன்று மணி நேரம் வரை தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வைத்தால் ஏற்கெனவே அடிபட்ட தோல் இன்னும் சேதமாகும். பற்பசை, வெண்ணெய், அதே மசாஜ் எண்ணெய் எதுவும் வேண்டாம், சூட்டை உள்ளே அடைத்துவைக்கும், புண்ணைப் பார்ப்பதும் கடினமாகும். கொப்புளத்தை உடைக்காமல் ஒட்டாத துணியால் மூடி விடலாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளுத்து வலியே இல்லாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வலி இல்லாதது இங்கே நல்ல செய்தி இல்லை.

நீரிழிவால் பாத உணர்வு மங்கியவர்களுக்குச் சுட்டது தெரியவே தெரியாது. அவர்கள் எரிகிறதா என்று காத்திராமல் அன்றிரவு கண்ணாடி வைத்து உள்ளங்கால், குதிகால், முதுகு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம், மருந்து ஒட்டுப்பட்டைகள். ஃபென்டனில் போன்ற வலி நிவாரணப் பட்டை ஒட்டியிருப்பவர்களுக்குச் சூடு பட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும், மூச்சு மந்தமாகிற அளவுக்கே போகலாம். மசாஜுக்குப் பிறகு அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம் வந்தால் அதைத் தளர்வு என்று நினைத்துப் படுக்கப் போகாமல் உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். இன்சுலினும் அப்படித்தான், ஊசி போட்ட வயிற்றையோ தொடையையோ சூடாக்கித் தேய்த்தால் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் உறிஞ்சப்படும். இன்சுலின் போடுபவர்கள் வீட்டுக்கு வந்ததும் சர்க்கரையை ஒருமுறை கூடுதலாகப் பார்க்கட்டும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் அது கல்லின் சூட்டால் வந்த வியர்வை இல்லை, ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். சர்க்கரையோ பழச்சாறோ உடனே எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.